தொப்பி வாங்கிட்டே, மம்பட்டி எங்கே கண்ணு?

வா கண்ணு, உக்காரு. பெங்களூரை உட்டுட்டு ஒரேயடியா வந்துட்டியாமா. நீ வேலையை உட்டியா, வேலை உன்னை உட்டுதான்னு நான் கேக்க மாட்டேன். அதைக் கேக்கறதுக்கு டீக்கடையில ஆளு இருக்குது. உன்ற சம்பளம் எத்தனை, கடன் எத்தனை, பொண்ணு ஏன் இன்னும் அமையலைங்கற வரைக்கும் அங்கே பேசி முடிச்சாச்சு. நான் கேக்கறது வேற. வெயிலுக்கு அகலமாத் தொப்பி வாங்கியிருக்கறே. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கைக்குப் பூப்போட்ட உறை வேற. எல்லாஞ்செரி. மம்பட்டி எங்கே?

உங்கொப்பன் மம்பட்டி இருக்குதுன்னு சொல்லாதே. அது அவன் கைக்கும் உசரத்துக்கும் தேஞ்சு அமைஞ்சது. நீ அவனை விட அரையடி உசரம். அதைப் புடிச்சு ஒரு வாய்க்கா வெட்டினியின்னா சாயங்காலம் இடுப்பைப் புடிச்சுட்டு உக்காருவே. அப்பறம் அதுக்கொரு யோகா வகுப்பு, அந்த வகுப்புக்கு ஒரு பாயி, அந்தப் பாயைத் தூக்க ஒரு பையி. சந்தைக்குப் போயி உனக்குன்னு ஒண்ணு வாங்கிக் காம்பு போட்டுட்டு வா. மத்த நாயத்தை அப்பறம் பேசலாம்.

எந்திரிக்கக் காணமே? செரி, நாயத்தைக் கேட்டுட்டே போ.

உங்கூட்டு ஜன்னலோரம் பாத்தேன். முட்டை அட்டையில மண்ணைப் போட்டுத் தக்காளி விதை ஊனி, மேல ஊதாக் கலர்ல லைட்டு எரிய விட்டிருக்கறே. என்ன சாமி இதுன்னா, "பனி முடியற வரைக்கும் நாத்தை உள்ளே வெச்சுக் காப்பாத்தோணும் அப்பாரு"ங்கறே. எந்தப் பனி? இங்கே மாசி சிவராத்திரியன்னிக்கே சிவசிவான்னு சொல்லிட்டுப் போயிருச்சு பனி. நீ வீடியோவுல பாக்கறவன் சீமைக்காரன். அவன் ஊர்ல பனி உருகினாத்தான் மண்ணுல கை வெக்க முடியும். அதனால அவன் ஊட்டுக்குள்ளயே நாத்து உடறான், வசந்தம் வந்துருச்சுன்னு துள்ளறான். அவனுக்கு அது நாயந்தான். உனக்கு வெளியில 38 டிகிரி காயுது. சூரியனை வாசல்ல நிக்க வெச்சுட்டு உள்ளே லைட்டுப் போட்டுப் பயிருக்கு வெளிச்சம் காட்டறவனை நான் இப்பத்தான் பாக்கறேன்.

சித்திரை வைகாசியை இளவேனில்னு புத்தகத்துல போட்டிருக்குது. போட்டவரு காங்கயம் பக்கம் வந்ததில்லையாட்டங்குது. பூ பூக்கற மாசந்தான், இல்லைங்கலை. வேம்பு பூத்துக் கொட்டுது. புங்கன் துளுத்து நெழலு கட்டுது. ஆனா அதுக வேரை எத்தனை ஆழத்துல வெச்சிருக்குது, உன்ற தக்காளி எத்தனை ஆழத்துல வெச்சிருக்குது? பகல்ல 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுங்குச்சுன்னா, தக்காளி பூக்கும், பிஞ்சு புடிக்காது, கொட்டிப் போகும். இந்தக் காயலுக்கு வெண்டை வரும். கொத்தவரை வரும். தட்டைப்பயிறு, தண்டுக்கீரை வரும். வெண்டை நாலஞ்சு நாள்ல மொளைச்சு, ஒண்ணரை மாசத்துல காய் ஒடிக்கலாம். ஆனா வெண்டைக்காயைப் போட்டோ புடிச்சுப் போட்டா லைக்கு உழுகறதில்லையாக்கும்?

உங்களுக்கு இருக்கறது ஆறு ஏக்கரா. கெணத்துப் பாச்சல்ல மேக்கால ரெண்டு, கெழக்கால மானாவாரிக் காடு நாலு. வந்ததும் மொதல்ல என்ன பண்ணினே? காட்டுத் தலைப்புல போர்டு நட்டே. ஆர்கானிக் ஃபார்ம்னு இங்கிலீசுல ஒரு வரி, சமஸ்கிருதத்துல ஒரு பேரு, கீழே ஒரு எலைப் படம். உங்கப்பத்தாளுக்கு அந்தப் பேரு வாயில நொழையலை. காட்டுல இன்னும் ஒரு கோரை கூட மொளைக்கலை. போர்டு மட்டும் நல்ல வாட்டமா வந்திருக்குது.

அந்த போர்டு நட்ட வாரத்துலதான் கோடை மழை பெஞ்சுது. ஒரு அங்குலம்னு வெச்சுக்கோ. ஏக்கராவுக்கு எத்தனை லிட்டரு? கம்ப்யூட்டர் படிச்சவன், போட்டுச் சொல்லு பாப்போம். செரி, நானே சொல்றேன். லட்சம் லிட்டருக்கும் மேல. 12,000 லிட்டர் புடிக்கற தண்ணி லாரின்னா, நாலு ஏக்கராவுக்கு 34 லோடு. அத்தனையையும் வானம் ஓசியில கொண்டாந்து ஊத்திட்டுப் போச்சு. நீ என்ன பண்ணினே? குடையைப் புடிச்சுட்டு ரீல்ஸ் எடுத்தே. உழவு ஓட்டாத காடு, மேவாக்கு இறுகிக் கெடந்துது. தண்ணி முச்சூடும் வழிஞ்சு இட்டேரியில ஓடி, பள்ளத்துல எறங்கி, நேரா என்ற காட்டுக்கு வந்து சேந்துது. எனக்கொண்ணும் வருத்தமில்லை.

கோடை உழவுன்னு ஒண்ணு இருக்குது கண்ணு. மொத மழை உழுந்து, கால் வெச்சா மண்ணு ஒட்டாத பதத்துல, சரிவுக்குக் குறுக்கால அஞ்சு கலப்பை போட்டு ஓட்டோணும். பாக்கறதுக்குக் கரடுமுரடாக் கட்டி கட்டியாத்தான் கெடக்கும். கெடக்கட்டும். அடுத்த மழை அந்தச் சால்லயே நின்னு எறங்கும். உள்ளே தூங்கற கூட்டுப்புழு மேல வரும். மைனாவும் கொக்கும் டிராக்டருக்குப் பின்னாலயே நடந்து பொறுக்கிக்கும். தப்பினதை வெயிலு பாத்துக்கும். மருந்துக்கடைக்காரன் வாயைப் பாத்துட்டு நிக்க வேண்டியதில்லை. சித்திரை மாசத்துப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு பலம் புழுதி கால் பலமாக் காயறாப்பல உழுது போட்டா ஒரு புடி எருவு கூட வேண்டாம்னு வள்ளுவர் சொல்லியிருக்காரு. அவரு படம் போட்ட பனியனைத்தான் நீ இப்பப் போட்டிருக்கறே.

நீ என்ன சொல்லப் போறேன்னு தெரியும். "உழவே கூடாதுன்னு ஜப்பான்ல ஒருத்தர் சொல்லியிருக்காரு"ங்கறே. ஃபுக்குவோக்காதானே? ஏங்கண்ணு, எனக்குத் தெரியாதா? 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எங்கூட்டு அட்டாலியில கெடக்குது. நல்ல புஸ்தகம். நீ அட்டையை மட்டும் படிச்சிருக்கறே, நான் உள்ளேயும் படிச்சேன். அவரும் உன்னாட்டந்தான். யோகோஹாமாவுல பயிர் பரிசோதிக்கற உத்தியோகம். ஒரு நாள் ஞானம் வந்து, வேலையை உட்டுட்டு அப்பன் தோட்டத்துக்கு வந்துட்டாரு. அப்பன் கவாத்துப் பண்ணிப் பண்ணி வளத்தின ஆரஞ்சு மரம். இவரு, இயற்கை பாத்துக்கும்னு கத்தியைக் கீழே வெச்சுட்டாரு. என்ன ஆச்சு? கெளைக்குள்ள கெளை பின்னுச்சு. பூச்சி புடிச்சுது. மரம் பட்டுப் போச்சு. இதை நான் சொல்லலை, அவரே எழுதியிருக்காரு. அப்பறம் ஆராய்ச்சி நெலையத்துல பல வருசம் உத்தியோகம் பாத்து, யுத்தம் முடிஞ்ச பொறவு மறுக்கா வந்து, மண்ணைப் பாத்துப் பாத்துத்தான் அந்த உழாத வெள்ளாமையைக் கண்டுபுடிச்சாரு. நீ கடைசிப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறேங்கறே. அதுவுமில்லாம, அவரு பக்கம் பெய்யற மழை நம்ம மழையைப் போல ரெண்டு பங்கு. நமக்கு வருசத்துக்கு 600, 700 மில்லி வந்தாலே மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெக்கறோம். அதுலயும் பாதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும்.

உழக்கூடாதுன்னு மேடையில பேசிட்டு, நாலு நாள் கழிச்சு ரொட்டவேட்டருக்குச் சொல்லியனுப்பற ஆளுகளையும் பாத்திருக்கறேன். அது மண்ணை மாவாப் பொடிச்சுக் குடுக்கும். கண்ணுக்கு அழகு. ஆனா வருசா வருசம் அதையே ஓட்டினா அடியில தகடு கட்டிக்கும், வேரு எறங்காது. மண்ணைப் பத்தித் தெரியோணுமா? போட்டோ புடிச்சு போனுக்குக் காட்டாதே. காட்டுல பத்து எடத்துல அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டு, ஓரத்துல இருந்து மண்ணைச் சீவியெடு, ஒண்ணாக் கலந்து அரைக்கிலோ கட்டிக் கொண்டு போயி மண் பரிசோதனை நெலையத்துல குடு. உன்ற பூட்ஸு வெலையில பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. புதுசுன்னா எல்லாத்தையும் இந்தக் கெழவன் கிண்டல் பண்றான்னு நெனைக்காதே. சொட்டு நீர் போடு. அதுக்கு மானியம் குடுக்கறாங்க. செல்போன்ல மோட்டார் போடற பொட்டி வந்திருக்குதே, அதைக் கண்டுபுடிச்சவனுக்குக் கோயில் கட்டலாம். ராத்திரி ஒரு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்தா, பாம்பைத் தாண்டிப் போயி மோட்டார் போட்டவங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

கரண்டுன்னதும் ஞாபகம் வருது. ஓசிக் கரண்டுலதானே வெவசாயம் பண்றீங்கன்னு உன்ற சினேகிதன் ஒருத்தன் நக்கல் பேசினான். 1972ல கோயமுத்தூருக்குள்ள மாட்டு வண்டியாக் கொண்டு போயி நிறுத்தினோம். வெவசாயிக சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்புட்டாரு, போனோம். அதுக்கு முன்னால 1970ல பெருமாநல்லூர்ல குண்டடி பட்டுச் செத்த ஆளுக மூணு பேரு. கரண்டு யூனிட்டுக்கு ஒரு பைசா ரெண்டு பைசாவுக்காகத்தான். சின்ன வெவசாயிக்கு 1984லயும் எல்லாத்துக்கும் 1990லயுந்தான் கரண்டு இனாமாச்சு. அந்தப் பையனுக்குச் சொல்லி வெய்யி. ஓசி இல்லை அது.

செரி, உன்ற கிச்சன் கார்டனுக்கு வருவம். எனக்குப் புடிச்ச எடம் அதுதான்.

ஆறு ஏக்கரா மண்ணு கெடக்குது. அதுக்கு மேல பிளாஸ்டிக் பையை அடுக்கி, பைக்குள்ள வெலைக்கு வாங்கின தென்னந்தூளைப் போட்டு, அதுல கீரை வெதைக்கறே. அஞ்சு கிலோக் கட்டியாமா, தண்ணி ஊத்தினா எழுபது லிட்டருக்கு உப்புமாமா. அது எங்கேயிருந்து வருதுன்னு தெரியுமா? உங்க தோட்டத்துத் தேங்காயை வியாபாரி உரிச்சு எடுத்துட்டு மட்டையைக் கொண்டு போனான். வெள்ளகோயில் ரோட்டுல நார் மில்லுல போட்டான். நார் போன பொறவு நின்ன தூளை ஒரு காலத்துல ரோட்டோரம் கரடாட்டம் குமிச்சு வெச்சிருந்தாங்க, அள்ளிட்டுப் போனாப் புண்ணியம்னு. இப்ப அதை அமுக்கிக் கட்டியாக்கி, பேப்பர் சுத்தி, பெங்களூருக்கு அனுப்பறாங்க. நீ அங்கே இருந்து கொரியர்ல வரவழைக்கறே. உங்க மட்டை ஊரெல்லாம் சுத்திப் பாத்துட்டு ஊட்டுக்கு வந்திருக்குது. உன்னாட்டந்தான்னு நெனைச்சுக்கிட்டேன். அதையும் உப்பு போக அலசாமப் போட்டிருக்கறே. கீரை ஏன் நுனி கருகுதுன்னு வீடியோவுல தேடறே.

கட்டுத்தரைக்குப் பின்னால, பொடக்காணித் தண்ணி போற பக்கம் ஒருக்கா நடந்து பாத்தியா? உங்கம்மா அங்கே என்ன வெச்சிருக்கறான்னு தெரியுமா? குளிக்கற தண்ணி மொதல்ல வாழைக்குப் போகுது. அதைத் தாண்டிச் சேம்பு. ஓரத்துல கறிவேப்பிலை, பப்பாளி. ஏனங் கழுவற தண்ணி முருங்கைக்கு. கூரை மேல சொரைக்கொடி. வேலியில கோவை. ஒண்ணுக்கும் பேரெழுதிக் குச்சி நடலை. ஒரு வடிவமைப்புப் படமும் போடலை. நீ பட்டறைக்குப் பணங்கட்டிப் போயி, கழிவுத்தண்ணி மறுபயன்பாடுன்னு மூணு வண்ணத்துல அம்புக்குறி போட்ட படம் வாங்கிட்டு வந்தே பாரு, அதைக் கொண்டு வந்து அவளுக்கே பாடம் நடத்தினியாமா. அவளும் கையைக் கட்டிட்டுக் கேட்டாளாமா. பெத்தவ இல்லையா, வேற என்ன பண்ணுவா? நீ போன பொறவு எங்கூட்டுக்காரிகிட்ட வந்து, "அத்தே, பையன் நல்லாப் பேசறான்"னா. அத்தோட நிறுத்திக்கிட்டா. நான்தான் சிரிச்சேன்.

களை எடுக்க வந்த பொம்பளைககிட்டயும் இதே கூத்துதான். மூடாக்கு, மண்ணுயிர், நுண்ணுயிர்னு மத்தியானம் வரைக்கும் நின்னு பேசிட்டு இருந்தியாமா. அவங்களுக்கென்ன, கூலி நாளுக்குத்தானே, உக்காந்து கேட்டாங்க. அப்பறம் பொழுது எறங்கையில ஆளுக்கொரு மடி கீரை கட்டிட்டுப் போனாங்க பாத்தியா? நீ களைன்னு புடுங்கச் சொன்னது தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. அன்னிக்கு ராத்திரி அவங்க ஊட்டுல கீரைக் கடைசல். உன்ற தட்டுல, நகரத்துல இருந்து வந்த மைக்ரோகிரீன்ஸ் டப்பா. எது களை, எது கறின்னு அந்தப் பொம்பளைககிட்டக் கேட்டிருந்தா ஒரு மணி நேரத்துல சொல்லியிருப்பாங்க. பட்டறைக் கட்டணமும் இல்லை.

வேலிக் கதையைச் சொல்லாம உட்டா எனக்குத் தூக்கம் வராது. கெழக்கால காட்டைச் சுத்திக் கிளுவை வேலி இருந்துது. உங்கப்பாரு போத்து நட்டுத் தழைய உட்டது. அதுல பெரண்டை ஏறியிருந்துது, முசுமுசுக்கை ஏறியிருந்துது, அடியில கத்தாழை, ஓணான், கௌதாரி. வருசத்துக்கு ஒருக்கா கவாத்துப் பண்ணினா வெள்ளாட்டுக்குத் தழையாச்சு. நீ வந்ததும் நேர்கோடா இல்லைன்னு பொக்லைனை உட்டு அதைப் புடுங்கிப் போட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினே. அப்பறம் அந்தக் கம்பியிலயே ஒரு தகரம் மாட்டியிருக்கறே: இது பல்லுயிர்ப் பெருக்கப் பண்ணை. அந்தப் பல்லுயிரெல்லாம் இப்ப எங்கே போயிருக்குதுன்னு கேக்கறியா? மழைத்தண்ணி போன வழிதான். எங்கூட்டு வேலிக்கு.

மயிலு மட்டும் உன்ற காட்டுலயே தங்கிருச்சு. மூணு மயிலு தோகை விரிச்சதுன்னு நீ பாட்டுப் போட்டுப் படம் புடிச்சு அனுப்பினே. முருகன் வண்டி, தேசியப் பறவை, கும்புட்டுக்கலாம். ஆனா காலையில அது உன்ற காட்டுல என்ன பண்ணிட்டு இருந்துதுன்னு பாத்தியா? நீ வெதைச்ச கொத்தவரையை ஒண்ணொண்ணாத் தோண்டித் தின்னுட்டு இருந்துது. ஒரு கல்லெடுத்து அடிச்சா வனத்துறைக்காரன் வருவான். 1972லயே சட்டம் போட்டாச்சு. அதனாலதான் எங்க காட்டுல பழைய சீலையாக் கட்டி வெச்சிருக்கறோம். காத்துல ஆடும், மயிலு யோசிக்கும். "அப்பாரு, பாக்கறதுக்கு நல்லாயில்லை, லேண்ட்ஸ்கேப் கெட்டுப்போகுது"ன்னு சொன்னியே. எங்கூட்டுக்காரி கல்யாணச் சீலை சாமி அது. அவளே குடுத்தா.

மாட்டுச் சங்கதி. நாட்டு மாடு வாங்கோணும்னு குஜராத்து வரைக்கும் வெலை கேட்டியாமா. காங்கயத்துக்காரன் நாட்டு மாட்டுக்குக் குஜராத்துல வெலை கேக்கறான். பழையகோட்டைப் பட்டக்காரர் ஊட்டுல தலைமுறையா வளத்திப் பேரு வாங்கின மாடு நம்ம தொண்டுபட்டியில நிக்குது. செரி, எப்படியோ மனசு மாறி ஒரு காங்கயத்து மாட்டைக் கன்னோட வாங்கியாந்தே. நாலாம் நாளு தரகனைப் புடிச்சுச் சண்டை. என்னான்னு கேட்டா, "கன்னு செவப்பா இருக்குது, கலப்படம் பண்ணி ஏமாத்திட்டான்"ங்கறே. அடக் கண்ணு! காங்கயங் கன்னு பொறக்கையில செவப்பாத்தான் பொறக்கும். ஆறு மாசத்துல சாம்பல் நெறத்துக்கு மாறிக்கும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கருக்கும். தரகன் இந்த சென்மத்துல மொத தடவையா நாணயமா யாவாரம் பண்ணியிருக்கறான், அன்னிக்குப் பாத்து நீ அவன் சட்டையைப் புடிச்சுட்டே.

பாலு ரெண்டு மூணு லிட்டருக்கு மேல எதிர்பாக்காதே. அது பாலு மாடில்லை, உழவு மாட்டுச் சாதி. இன்னொண்ணு, இது வெளையாட்டில்லை, காதுல வாங்கிக்க. சித்திரைப் பட்டத்துல தீவனச் சோளம் வெதைச்சிருக்கறே. மழை இல்லாம முழங்கால் உசரத்துல வாடி நின்னா அதுக்குள்ள மாட்டை உட்றாதே. வாடின இளஞ்சோளத்துல வெசம் இருக்குது, ஒரு வயிறு மேஞ்சாப் போதும், வைத்தியர் வர்றதுக்குள்ள போயிரும். பூ எடுத்த பொறவு அறுத்துப் போடு, ஒண்ணும் ஆகாது.

சாணியிருந்தா ஜீவாமிர்தம் கரைக்கறே. பத்துக் கிலோ சாணி, கோமியம், ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயித்தமாவு, ஒரு புடி மண்ணு, 200 லிட்டர் தண்ணி. கரை, நல்லதுதான். ஆனா ஆன்லைன்ல ஆர்கானிக் வெல்லம் கிலோ எத்தனைக்கு வாங்கினே? அந்த வெலைக்கு நான் பாயசம் வெச்சுக் குடிப்பேன், பயிருக்குத் தர மாட்டேன். ஒடைஞ்ச வெல்லம், உருகின வெல்லம் சந்தையில சல்லிசாக் கெடைக்கும். பயிரு லேபிள் கேக்காது.

வருமானத்துக்கு வருவம், இல்லைன்னா உங்கொப்பன் என்னைத் திட்டுவான். பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினே: ஏக்கராவுக்கு இத்தனை செடி, செடிக்கு இத்தனை கிலோ, கிலோ எம்பது ரூவா. பெருக்கினா நீ அம்பானி. 2023 ஆடியில தக்காளி கிலோ நூறைத் தாண்டுச்சு, ஞாபகம் இருக்குதா? டிவியில எல்லாம் அதே பேச்சு. ஊரு முச்சூடும் தக்காளி நட்டுது. ரெண்டு மாசங் கழிச்சு மொத்த மார்க்கெட்டுல பத்து ரூவாய்க்கு வந்து உக்காந்துச்சு. பறிக்கற கூலிக்கு ஆகலைன்னு ஆட்டை உட்டு மேச்சவங்க உண்டு. உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக் கூட மிஞ்சாதுன்னு சொன்னவன் எக்செல் படிக்கலை, ஆனா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தவன்.

அதுக்குன்னு தலையில துண்டைப் போட்டுட்டு உக்காரச் சொல்லலை. 1999ல இருந்து உழவர் சந்தை இருக்குது. ஒரு அட்டை வாங்கு. பத்து செண்டு பந்தல், பத்து செண்டு கீரை, வாரத்துக்கு ரெண்டு நாள் காலையில தராசைப் புடி. காய் வாங்க வர்ற பொம்பளை வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பாத்துட்டு, முத்தலுன்னு வீசிட்டுப் போவா பாரு, அதைக் காட்டிலும் பெரிய பரிச்சை எந்தக் கம்பெனியிலயும் வெக்கலை. கம்ப்யூட்டர் சோலி ஊட்டுல இருந்தே பாக்கலாமுல்ல? 2020ல கொரோனாவுல அத்தனை பேரும் அதைத்தானே பண்ணினீங்க. ரெண்டு வருசத்துக்கு அதை உட்றாதே. காடு சோறு போடற வரைக்கும் காட்டுக்கு நீ சோறு போடோணும். தோட்டத்துல வெள்ளாமை பொய்ச்ச வருசம் உங்கொப்பன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு ராத்திரி ஷிப்டு போனதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

அவன்கிட்டக் கேளு. "அப்பா, இந்த வயல்ல எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்த வருசம் கெணறு வத்துச்சு, எந்தக் கடலை போட்டு நட்டமாச்சு"ன்னு கேளு. அவனாச் சொல்ல மாட்டான். நீ படிச்சவன், உனக்கெல்லாம் தெரியும்னு நெனைச்சுட்டு வாயை மூடிட்டு உக்காந்திருக்கறான். நீயும், அப்பன் படிக்காதவன், உரமூட்டையைக் கொட்டி மண்ணைக் கெடுத்துட்டான்னு போன்ல பேட்டி குடுத்துட்டு இருக்கறே. அவன் உரமூட்டை கொட்டினது உன்ற காலேஜ் பீஸு கட்டறதுக்கு. அதையும் பேட்டியில சொல்லு.

இப்ப ஆடிப்பட்டத்துக்கு ரெண்டு மாசத்துக்கு மேல கெடக்குது. அதுக்குள்ள உழவை ஓட்டு. கட்டுத்தரைக் குப்பையைக் காட்டுக்கு அடி. கிடைக்காரன் வந்தா நாலு ராத்திரி ஆட்டுப்பட்டி போடச் சொல்லு. கிளுவைப் போத்து வேணும்னா எங்க வேலியில வெட்டிக்கோ, காசு வேண்டாம், பாதிப் பல்லுயிர் உன்றதுதான். புடலை வெதை, பூசணி வெதைக்கு வீடியோ தேடாதே. உங்கூட்டு அடுப்படிச் செவுத்துல சாணி வறட்டி தட்டின எடத்துல அந்த வெதையெல்லாம் பதிச்சு வெச்சிருக்குது. அதை அசிங்கம்னு சொல்லி நீ பெயிண்டு அடிக்கறதுக்குப் பாத்தியாமா, உங்கப்பத்தா குச்சியைத் தூக்கினாளாமா. அவகிட்டயே போயிக் கேளு. குடுப்பா. ஆனா ஒரு புடி வாங்கினா வெளைஞ்சதும் ரெண்டு புடியாத் திருப்பிக் குடுக்கோணும். அதுக்குக் கையெழுத்தெல்லாம் கேக்க மாட்டா, ஆனா மறக்கவும் மாட்டா.

என்ன, எந்திரிச்சுட்டே? மம்பட்டிக்கா? நாளைக்குத்தான் சந்தை. இன்னிக்கு ஊட்டுக்குப் போயி, நீ அடுக்கி வெச்ச தென்னந்தூள் மூட்டையை மொதல்ல நகத்து. அதுக்கு அடியில உங்கம்மா வெச்ச புதினா கெடக்குது.